ஜன்னலோர மல்லிப் பாத்தி

புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும். நறுக்கவும் வராது, பார்க்கவும் சகிக்காது. என் தோட்டத்தில் சுருண்ட காய் ஒன்றுகூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நேற்று உங்கள் ஆட்கள் பந்தலுக்குக் கீழே நின்று ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பார்த்தார்கள். கை கழுவிவிட்டுத் தொடக்கூடாதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. போலீஸ்காரர்களிடம் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். என் பெயர் கலியாணசுந்தரம். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். இறந்துபோன மயில்வாகனம் என் கூடப்பிறந்த அண்ணன். தறி வைத்திருந்தவர். செவிலிமேட்டில் அவர் கட்டிய வீட்டில்தான் இருவரும் இருந்தோம். அண்ணி காலமாகிவிட்டார். ஒரே மகள் மஹாலட்சுமி சென்னையில், கைக்குழந்தைக்காரி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒரு வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சிரிக்கலாம். என் மூக்கு அப்படி.

சாயக்காரனுக்கு நாற்றம் பழக்கம்தானே என்பார்கள். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேக வைக்கும்போது ஒரு வாடை கிளம்பும். புதிதாக வேலைக்கு வருகிறவன் குமட்டிக்கொண்டு வெளியே ஓடுவான். எனக்கு அது ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அலசினால் போய்விடும். பட்டு பளிச்சென்று வெளியே வரும். மனுஷ உடம்பை எவ்வளவு அலசினாலும் அது தன் வேலையைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது.

தை மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொன்னார். சிறுநீருக்குக் குழாய் வைத்து, கட்டிலோரம் ஒரு பையைத் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏஞ்சல் என்கிற நர்ஸ் வாரம் ஒரு தடவை வந்து குழாயைச் சுத்தம் செய்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் நான்தான்.

மற்றது என்றால் என்னவென்று யாரும் யோசிப்பதில்லை. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் போய்த் தங்கும். புரட்டிப் போட்டால் முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வரும். நெஞ்சுச் சளியைத் துணியால் வழித்து எடுக்க வேண்டும். இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டேன். அந்தப் பைதான் முடியவில்லை. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். இன்னொருத்தர் உடம்புச் சூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு குளியலறைவரை நடந்து பாருங்கள், அம்மா. அப்புறம் எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருக்கும். அந்தக் கையால் நான் சாமிப் பூ பறிக்க வேண்டும்.

தோட்டம்தான் எனக்கு எல்லாம். பின்பக்கம் கத்தரி, வெண்டை, அரைக்கீரை, புடலைப் பந்தல். பக்கவாட்டில் நந்தியாவட்டை, கனகாம்பரம். அண்ணன் அறை ஜன்னலுக்கு நேர் கீழே மல்லிப் பாத்தி. விடிந்ததும் குளித்துவிட்டு, மூச்சுகூடப் பூவில் படாமல் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பறிப்பேன். சாமிக்குப் போகிற பூவை யாரும் முகர்ந்துவிடக் கூடாது. பறித்த கையோடு தெருக்கோடி ஈஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கோடையில் மல்லி கொட்டும். அக்கினி நட்சத்திரத்தில் சாமிக்கே உஷ்ணம் தாங்காது என்று லிங்கத்துக்கு மேல் துளை போட்ட பாத்திரத்தைக் கட்டி, நாள் முழுக்கத் தண்ணீர் சொட்ட விடுவார்கள். அந்த ஈரத்தில் என் மல்லி கிடப்பதைப் பார்த்தால் கண்ணுக்கே குளிர்ச்சியாக இருக்கும்.

சித்திரையில் ஒரு காலை குருக்கள் கூடையை வாங்கியவர் முகத்தைச் சுளித்தார்.

“சுந்தரம், பூவுல ஏதோ ஆஸ்பத்திரி வாடை அடிக்கறதே. வேற யார் கையாவது பட்ட பூவா?”

வேறு கை படவில்லை, சாமி, என்றேன். அவர் கூடையை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒருவர் கொண்டுவந்த பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் பூ அப்படித் தள்ளி வைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பே எரிந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அறைக்குள்ளிருந்து வருகிற வாடை நேராக மல்லியின் மேல்தான் இறங்குகிறது. ஜன்னலைச் சாத்தினேன். அறை உலையாகக் கொதித்தது. ஏஞ்சல் வந்து என்னைத் திட்டிவிட்டுத் திறந்து வைத்தாள்.

அதே சமயம் போர்வெல்லில் தண்ணீரும் இறங்கிவிட்டது. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வெறும் காற்றை இழுக்கும். கிடைக்கிற தண்ணீரில் பாதி அவருடைய விரிப்பு அலசவே போய்விடும். மல்லி இலை வெளிறத் தொடங்கியது. நான் பெரிதாக ஒன்றும் திட்டம் போடவில்லை. வீட்டைக் கட்டிக் காக்கிறவன் யாராக இருந்தாலும் செய்கிற யோசனைதான். உள்ளே போனால்தானே வெளியே வரும்.

முதலில் அவருக்குக் கொடுக்கிற ராத்திரித் தண்ணீர்த் தம்ளரை நிறுத்தினேன். பிறகு பதினோரு மணித் தம்ளரை. கஞ்சியைக் கெட்டியாக்கினேன். பையில் அளவு இறங்கியது, ஆனால் உள்ளே இருப்பது கறுத்து, வாடை முன்னைவிடக் கூடிவிட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எனக்குத் தோன்றியது வேறு. முழுசாகக் குறைக்கவில்லை, அதனால்தான் வாடை நிற்கிறது என்று தோன்றியது.

ஏஞ்சல் கெட்டிக்காரி. பையைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

“இன்னாயா, இவ்ளோதான் வந்துக்கீது? கலரும் சரியில்ல. தண்ணி குடுக்கறீங்களா இல்லியா?”

“குடுத்துக்கினுதாம்மா இருக்கறேன். இந்த வெயிலுக்கு எல்லாம் வேர்வையா பூடுது.”

“நல்லா குடுங்க. அடுத்த வாரமும் இப்டியே இருந்தா ஆஸ்பத்திரிலதான் சேக்கணும். மஹா அக்காகிட்டயும் சொல்லிடறேன்.”

அன்று சாயங்காலமே மஹாலட்சுமி போனில் அழுதாள். “சித்தப்பா, அப்பாவ பாத்துக்கோங்க சித்தப்பா. உங்கள வுட்டா அவருக்கு யாரு இருக்காங்க?” பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆஸ்பத்திரி என்றால் கூட இருக்கப் போவது நான்தான். வார்டு முழுக்க ஆளுக்கொரு பை. தோட்டத்தை யார் பார்ப்பது, பூவை யார் பறிப்பது?

அதனால்தான் பையில் ஊற்றத் தண்ணீரில் சாயம் கலந்தேன். கடுகளவு மஞ்சள் சாயப் பொடி. முதலில் எலுமிச்சை நிறமாக வந்தது. ஒரு துளி பழுப்பு சேர்த்ததும் நிறம் பொருந்திவிட்டது. மாதிரிக்கு என்னுடையதையே ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அருவருப்புதான், என்ன செய்ய. ஏஞ்சல் வருவதற்கு முன்னால் பையை நிரப்பிவிடுவேன். வெடித்த உதட்டில் வெண்ணெய் தடவிவிடுவேன். பையைப் பார்த்துவிட்டு அவள், “இப்பதான்யா நல்லா இருக்குது, பரவால்லயே” என்றாள். வேலையைப் பாராட்டினால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டீர்கள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே படுத்திருப்பார். சாயங்காலம் குழாயைப் பிடித்துக்கொண்டு மல்லிப் பாத்திக்கு வந்தால், தண்ணீர்ச் சத்தத்துக்கு அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு நாள் தண்ணீர் தெறித்து ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லாயிருந்த இடது கையை நீட்டி, கம்பியைத் தடவி, அந்த விரலை வாயில் வைத்துச் சப்பினார். நாக்கு காய்ந்த தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பெரிய மனுஷர், தெருவே மரியாதை வைத்திருந்த ஆள், இப்படிச் செய்யலாமா? எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மறுநாள் கட்டிலை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டேன்.

சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது, கொப்புளம் உடைந்து சீழ் வழிய, அண்ணன்தான் பக்கத்தில் படுத்து வேப்பிலையால் தடவிக்கொடுத்தார் என்று மஹாலட்சுமி உங்களிடம் சொன்னாளாம். உண்மைதான். அவருக்கு மூக்கு அவ்வளவு கூர்மை கிடையாது.

கடைசி நாள் காலையில் குளித்துவிட்டு அவர் அறையைத் தாண்டினேன். எப்போதும் கேட்கிற மூச்சு இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டால் தீட்டு. கோயில் வாசலையே மிதிக்க முடியாது. தெரியாதவரைக்கும் தீட்டில்லை. பாத்தி நிறைய மல்லி வேறு. பறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குருக்கள் வாங்கிக்கொண்டு, “இன்னிக்குப் பூ நன்னா இருக்கு” என்றார். கும்பிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு, நிதானமாகத்தான் திரும்பினேன்.

ஏஞ்சல் எனக்கு முன்னாலேயே வந்து உள்ளே போயிருந்தாள். உடம்பு விறைத்துவிட்டது என்றாள். கண் கலங்கியிருந்தது. பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு தோட்டக் குழாய்க்கு வந்தாள். அவசரத்தில் கையுறை போடவில்லை. முந்தின நாள் நான் நிரப்பி வைத்தது, முட்ட முட்ட இருந்தது. அவள் கையெல்லாம் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

“இன்னாதுயா இது, மஞ்சளா புடிச்சிக்கினு போவவே மாட்டேங்குது?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மருந்து என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். ஆனால் நான் சாயம் போட்ட நூல் சாயம் போகிறது என்று எந்தத் தறிக்காரனும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. சாயம் பிடிக்க ஊற்றுகிற ஆசிட்டை அந்தப் பைத் தண்ணீரிலும் பழக்கதோஷத்தில் இரண்டு சொட்டு விட்டிருந்தேன். தோலும் பட்டு மாதிரிதான், பிடித்ததை விடாது.

“அது பட்டுச் சாயம்மா, சோப்புல போவாது” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்படியே வாசலுக்கு ஓடிப் போய் உங்களுக்குப் போன் செய்தாள்.

தண்ணீர் கொடுக்காமல் கொன்றாயா என்று நேராகக் கேட்டீர்கள். ஆமாம், அம்மா. தெரிந்துதான் செய்தேன். அவருக்குத் தாகம் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் எதற்குத் திறக்கிறார் என்றும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. வீட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இந்த வெயிலில் ஒரு வேளை தவறினாலும் மல்லி தாங்காது. யாராவது ஒருத்தரை அனுப்பிச் சாயங்காலம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். செடிக்கு வாய் இருக்கிறதா என்ன, கேட்டு வாங்கிக் குடிக்க? நாம்தான் முகம் பார்த்துத் தெரிந்துகொண்டு ஊற்ற வேண்டும். ஒரு வாயில்லா ஜீவன் தாகத்தில் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அம்மா. என் சுபாவம் அப்படி.