இங்கிலாந்துக் கோட்டையிலை ஆடின கல்லு

...எண்ணூறு வருசமா நிண்ட கோட்டை தம்பி. பீரங்கி அடிச்சும் விழேல்லை. எங்கட பாரிஸ் லா சப்பல் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் போன வருசம் ஒரு மத்தியானம் போய் வந்தாப் பிறகு மதிலிலை ஓட்டையாம். இந்த வருசமும் வரலாமோ எண்டு கேட்ட இடத்திலை, இப்ப போனடிச்சுச் சொல்லுகினம். கொஞ்சம் நாடியை நிமித்துங்கோ. கத்தி கையிலை இருக்கேக்கை தலையாட்டப்படாது. ஓம் எண்டு வாயாலை சொன்னாக் காணும். வேண்டாம், வாயாலையும் சொல்லாதையுங்கோ.

முடி வெட்டுறவனுக்குக் கோட்டையோடை என்ன அலுவல் எண்டு யோசிப்பியள். பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் நான்தான். மகேந்திரராசா எண்டால் இந்த றோட்டிலை தெரியாத ஆக்கள் இல்லை. தலைவர் எண்டால் என்ன... பஸ்ஸுக்கு அலையிறது, சோத்துப் பாசலுக்கு அலையிறது, கடைசியிலை எல்லாரிட்டையும் ஏச்சு வாங்கிறது.

வருசா வருசம் இங்கிலாந்துக்கு ஒரு பயணம். காலமை கோயில், மத்தியானம் கோட்டை. கூடிப் போறதுக்குத்தான் பெரியாக்கள் இல்லை. பிள்ளையள் இஞ்சை பிறந்ததுகள், பிரெஞ்சுப் பாஸ்போட். தாய் தேப்பனுக்கு வதிவிடக் கார்த் மட்டும்தான், அதோடை கலேத் துறைமுகம் தாண்ட ஏலாது. எனக்குப் பாஸ்போட் இருக்கு, இங்கிலீசு இல்லை. அற்புதராணி ரீச்சருக்கு இங்கிலீசு இருக்கு, பாஸ்போட் இல்லை. ரெண்டு பேரையும் சேத்து ஒராளாக்க ஏலுமெண்டால் பிரச்சினையே இல்லை.

இந்த முறை கோட்டையைச் சுத்திக் காட்டுற மனுசி ரீச்சருக்குப் போனிலை திட்டமாச் சொல்லிப்போட்டுது. இங்கிலீசிலை பதில் சொல்லக்கூடின பொறுப்பான ஆள் ஒராள் வந்தால்தான் உள்ளுக்கை விடுவினமாம். வாற சனி பயணம். ஆளில்லையெண்டால் பயணமும் இல்லை. என்ரை மகள் நிரஞ்சனா என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. கதைச்சாலும் பிரெஞ்சிலை, எல்லாம் உங்களாலைதான் பப்பா எண்டு. ஊர் ஏசினால் இந்தக் காதாலை கேட்டு அந்தக் காதாலை விட்டிடுவன். பெத்த பிள்ளை சொல்லேக்கை அப்பிடி விட ஏலுதில்லை தம்பி.

என்னாலை எப்பிடி எண்டு கேக்கிறியளோ? அதைத்தானே நானும் கேக்கிறன்.

போன வருசம் பிள்ளையள் செய்த குழப்படியைக் கேளுங்கோ. பஸ்ஸாலை இறங்கினதுதான், தவரத்தினத்தின்ரை பெடியன் அகழியிலை நிண்ட தாரா வாத்துக்கு றோல்ஸ் போடுறான். உறைப்பு றோல்ஸ். தாரா கத்தின கத்திலை கோட்டை முழுக்க எட்டிப் பாத்துது. ரெண்டு பெட்டையள் இரும்புச் சட்டை போட்ட வீரன்ரை தலைமூடியைத் திறந்து உள்ளுக்கை முறுக்குப் பையை ஒளிக்கினம், பிறகு வந்து தின்னலாமெண்டு. அந்த மனுசி இங்கிலீசிலை விளக்கம் குடுக்குது, ஒருத்தரும் காது குடுக்கேல்லை. பாக்கப் பாவமாக் கிடந்துது. அதுதான் நான் தமிழிலை மொழிபெயர்க்க வெளிக்கிட்டனான்.

இங்கிலீசு தெரியாமல் எப்பிடியோ? மனுசி கையைக் காட்டின பக்கம் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே.

மதிலைக் காட்டிச்சுது. நான் சொன்னன், ராசா போருக்குப் போகேக்கை ராணியின்ரை தாலிக்கொடியை இதிலை ஒரு கல்லுக்குப் பின்னாலை ஒளிச்சவர், இண்டுவரைக்கும் ஆரும் எடுக்கேல்லை எண்டு. வெள்ளைக்காரிக்கு ஏது தாலிக்கொடி எண்டு ஒரு பிள்ளையும் கேக்கேல்லை. அவ்வளவுக்குப் படிப்பிச்சிருக்கினம். அப்பிடியே பாஞ்சுதுகள் மதிலுக்கு. கிள்ளுறதும் தோண்டுறதும். ஆடுற கல்லு எப்பிடியிருக்கும் எண்டு காட்ட நானும் ஒண்டை மெல்லமா ஆட்டினனான். சும்மாதான். அது ஆடின பல்லு மாதிரிக் கையோடை வந்திட்டுது.

நான் என்ன செய்ய? மனுசி திரும்ப முந்திச் சோத்துப் பாசல் பைக்குள்ளை போட்டிட்டன். ஓட்டையைக் கண்டவுடனை கோட்டைக்காரர் பிள்ளையள்தான் எண்டு முடிவு கட்டிப்போட்டினம். நானும் பேசாமல் இருந்திட்டன். சின்னனுகளை ஆர் பிடிச்சு மறியலிலை போடப் போகினம், சொல்லுங்கோ? கல்லு கழண்டு வரேக்கை நிரஞ்சனா மட்டும் எனக்குப் பக்கத்திலை நிண்டவள்.

இப்ப பாருங்கோ, நீங்கள் பாண்டிச்சேரி. பிரெஞ்சுப் பாஸ்போட். லிசே உயர்பள்ளியிலை இங்கிலீசு படிப்பிக்கிற ஆள். பேரும் ழாக். கடவுள் பாத்து அனுப்பின மாதிரி வந்து என்ரை கதிரையிலை இருக்கிறியள். நான்தான் பொறுப்பு எண்டு சனிக்கிழமை கோட்டை வாசலிலை ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். ஆ, அந்தக் கல்லோ? அது பத்திரம். உந்தக் கதவுக்கு முண்டு குடுத்திருக்கிறன் பாருங்கோ, அதுதான். நீங்கள் அதையும் உங்கட பைக்குள்ளை கொண்டு போய், மனுசி அங்காலை பாக்கேக்கை ஓட்டைக்குள்ளை செருகிவிட்டால் அலுவல் முடிஞ்சுது. வாத்தியாரை ஆரும் சந்தேகிக்க மாட்டினம்.

உண்மையை நானே சொல்லலாமோ? சொல்லலாம். அதுக்கும் இங்கிலீசு வேணுமெல்லே தம்பி.

சரி, ஒரு பக்கம் முடிஞ்சுது. இருங்கோ, கத்தியைக் கழுவிக்கொண்டு வாறன். இண்டைக்குப் பின்னேரம் வீட்டை போய் ஆள் கிடைச்சிட்டுது எண்டு சொன்னால் அவள் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். எனக்கு அது காணும். உங்கட சனிக்கிழமைச் சோத்துப் பாசலிலை ரெண்டு முட்டை வைக்கச் சொல்லுறன்...

தம்பி? ழாக் தம்பி?

உதென்ன, கழுத்திலை கட்டின துணியோடை, அரைத் தாடியோடை றோட்டாலை ஓடுறார். படிச்ச ஆக்களுக்குப் பொறுப்பெண்டால் பயம்.

அடுத்த ஆள் வாங்கோ அண்ணை, இருங்கோ. சேவ் எடுக்கவோ, முடி வெட்டவோ? அது கிடக்கட்டும், உங்களிட்டைப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கோ?