அடுத்த ரூமுக்குப் போய்ச் சேராத மெயில்

இல்ல லைத், நீங்களே பாருங்க. அனுப்பி ஒரு மூச்சு விடல, திரும்பி வந்து நிக்குது. 'இந்த முகவரியில் அப்படி ஒரு நபர் இல்லை.' இல்லையாம்! அப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமுறது யாரு? அபூ சுஹைப் இருமல் பாதி அம்மான் நகரத்துக்கே தெரியும். இந்தப் பொட்டிக்கு மட்டும் தெரியலையாம்.

உக்காருங்க, உக்காருங்க. ஒரு டீ குடுக்கக்கூட வழியில்ல, நோன்பு நேரத்துல வந்து மாட்டிக்கிட்டீங்க. புதுசா வந்த கம்ப்யூட்டர்காரர், முதல் வேலையே என்கிட்ட... பாவம். ஆனா இது இன்னிக்கே ஆகணும். ராத்திரி பிறை தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள். அதுக்குள்ள போய்ச் சேரணும்.

எழுந்து போய் நேர்ல சொல்லலாமேன்னு நினைக்கிறீங்க. மூஞ்சிலயே எழுதியிருக்கு. நேர்ல! என்னைப் பாத்தா அவர் கூரையப் பாக்கறார். போன் பண்ணினா, 'குடோன்'னு ஒரே வார்த்தை, டக்குனு வெச்சிடறார். இருபது வருஷமா ஒரே டைல்ஸ் கம்பெனி, ஒரே சுவர். நான் ஆளுங்க லீவு, சம்பளம் பாக்கறேன், அவர் குடோன் பாக்கறார். சரி, எழுதியே அனுப்புவோம்னு மூணு தடவை அனுப்பிட்டேன். மூணும் திரும்பி வந்துடுச்சு. அவருக்குத் தெரியுமா அது? 'இந்த ஹியாமுக்கு எவ்வளவு திமிரு பாரு, ஒரு வார்த்தை எழுதல'ன்னுதான நினைப்பார்?

இதுல கூத்து என்னன்னா, மத்தவங்க மெயிலெல்லாம் போகுது! டீ போடற ஃபௌசி அனுப்பினாக்கூட போகுது. என்னுது மட்டும்... என்ன, கண்டுபிடிச்சிட்டீங்களா? மெதுவாச் சொல்லுங்க. காப்பி இல்லாத மண்டை, வேகமா ஓடாது.

ம்... பழைய மெயில் கணக்க அழிச்சாச்சு. அதே பேர்ல புதுசா ஒண்ணு போட்டாச்சு. சரி. ஆனா நான் ரெண்டு எழுத்து தட்டினதும் என் மெஷின் அந்தப் பழைய ஆளையே எடுத்து நீட்டுது. அந்த ஆள் இப்ப இல்ல. பேர் ஒண்ணு, ஆள் வேற. அட! அப்ப மத்தவங்களுக்கு எப்படிப் போகுது? ஓ... அவர் புதுக் கணக்குலேர்ந்து எல்லாருக்கும் 'வந்துட்டேன்'னு எழுதினாராக்கும். அதுக்குப் பதில் போட்டவங்களுக்கெல்லாம் சரியா இருக்கு.

எல்லாருக்கும்.

எனக்கு எழுதல. ம். சரி, விடுங்க.

யார் அழிக்கச் சொன்னதா? அது... அது ஆபீஸ் நடைமுறைங்க! ஒருத்தர் வேலைய விட்டா கணக்க அழிச்சிடணும். அவர் விட்டாரே! நடு வராந்தால நின்னு, 'நான் போறேன், இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு கத்தினாரே! ஊரே கேட்டுச்சு.

சிரிக்காதீங்க. தெரியும், தெரியும். நோன்பு மாசத்துல மத்தியானம் மூணு மணிக்கு மேல இந்த ஊர்ல யார்தான் வேலைய விடல? வருஷா வருஷம் விடுவார். சிகரெட் பிடிக்கிற மனுஷன், பொழுதுக்கும் வாய் காஞ்சு கிடந்தா பின்ன? சூரியன் விழுந்ததும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு சூப்பு, ரெண்டு சிகரெட். மறுநாள் காலைல விசில் அடிச்சிக்கிட்டே உள்ள வருவார். நானும் வருஷா வருஷம் காதுல போட்டுக்காம இருந்துடுவேன்.

இந்த வருஷம் எனக்கும் தலைவலி. அதோட அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? 'ஹியாம், நீ செய்யற பெருநாள் பிஸ்கட்ட நம்ம குடோன்லயே அடுக்கலாம். லாரில ஏத்தினாலும் உடையாது'ன்னார். எல்லார் முன்னாலயும்! ஃபௌசி விழுந்து விழுந்து சிரிக்கறான். நான் என்ன பண்ணேன்... உக்காந்து, 'அபூ சுஹைப் விலகிவிட்டார், கணக்கை உடனே அழிக்கவும்'னு உங்க கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பிட்டேன். பள்ளிவாசல்ல நோன்பு திறக்கப் பாங்கு சொல்றதுக்குள்ள அழிச்சிட்டாங்க. மத்த நாள்ல ஒரு மௌஸ் கேட்டா ஒரு மாசம் ஆக்குவாங்க! காலைல விசிலோட வந்தவருக்கு இருபது வருஷ மெயில், பேத்தி போட்டோ, ஒண்ணும் இல்ல.

இப்படியெல்லாம் பாக்காதீங்க லைத்.

எனக்குக் கூடப்பொறந்தவங்கன்னு யாரும் கிடையாது. பெருநாள் காலைல ஊர்ல உள்ள அண்ணன் தம்பியெல்லாம் கூடப்பொறந்த பொண்ணுங்க வீட்டுக் கதவத் தட்டுவாங்க. என் கதவத் தட்டறது இவர் ஒருத்தர்தான். தொழுகை முடிஞ்சு நேரா வருவார், பெருநாள் காசுன்னு ஒரு நோட்ட மடிச்சுக் கையில வெப்பார், பிஸ்கட்டத் திட்டிக்கிட்டே நாலு தின்பார். நாளைக்கு வரலேன்னா... ஏலக்காய் போட்டு நான் வெக்கிற காப்பிய யாருக்குக் குடுக்கறது?

எந்தப் பேர எடுக்கணும்? மெஷின் நீட்டற இதையா? பக்கத்துல இருக்கற பெருக்கல் குறியா? அமுக்கறேன். போச்சு... இப்ப முழுசா நானே அடிக்கணுமா? சரி. 'அபூ சுஹைப், அழிக்கச் சொன்னது நான்தான். மனசு ஆறல. ஹியாம்.' போதும். இதுக்கு மேல எழுதினா அழுதுடுவேன். அனுப்பிட்டேன்.

...வரல. திரும்பி வரல லைத்! அந்தப் பக்கம் டிங்குன்னுச்சே, கேட்டுச்சா? இருமலும் நின்னுடுச்சு. படிக்கறார் போல. இருங்க, பேசாதீங்க...

ஐயோ, வந்துடுச்சு! மறுபடியும் அதேதான்! 'இந்த முகவரியில் அப்படி ஒரு நபர் இல்லை.' என்ன ரிப்பேர் பண்ணீங்க நீங்க? இவ்வளவு கதையும் கேட்டுக்கிட்டு... லைத்? எங்க போனீங்க? நாற்காலி காலியா கிடக்கு! நைசா நழுவிட்டாரே மனுஷன்!

இரு... கீழ இன்னும் என்னமோ இருக்கே. 'பெருநாள் காலை, தங்கள் வீட்டு வாசலில் தேடிப் பார்க்கவும். பிஸ்கட்டும் வைக்கவும். பல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.'

யோவ் அபூ சுஹைப்! சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ சிரிக்கறது இங்க கேக்குது!