காரணம் கேட்டுக் கதவு சாத்திய அக்காவுக்கு

அன்பின் பெருவடிவே! அவைக்குறிப்பின் அரசியே! காரணம் கேளாமல் கதவு சாத்தாத கண்ணியமே! எங்கள் நகர மன்றக் கூட்டச் செயலரே, அக்கா, வணக்கம்!

முப்பத்தோர் ஆண்டுகள் மன்றக் கூடத்து வாசலில் நின்று, உள்ளிருப்போர் உரைப்பது ஊருக்கும் கேட்க வேண்டும் என்று உறுதி காத்தீர்கள். வழக்கு, பணியாளரின் சொந்த விஷயம் போன்ற சிலவற்றுக்கே மூடிய கூட்டம் என்பது விதி. "காரணத்தைச் சொல்லுங்க, சாத்தறேன்" என்பீர்கள். அதை நடைவழியில் உரக்கப் படித்து, கதவருகே கரும்பலகையில் எழுதிய பிறகே தாழ்ப்பாளில் கை வைப்பீர்கள். ஒருமுறை உறுப்பினர் ஒருவர், "காத்துல பேப்பரெல்லாம் பறக்குதும்மா" என்றார். "மேல கல்லை வைங்க ஐயா, கதவு திறந்தே கிடக்கட்டும்" என்றீர்கள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

அத்தகைய உங்களுக்கு இன்று இத்தனை பெரிய ஓய்வு விழா! மகிழத்தான் பார்க்கிறோம், மனசு உறுத்துகிறது. உங்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் மன்றத் தலைவர், தாமே முன்வந்து இந்த மாடியறையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? பணி முடிவது ஐந்து மணிக்கு. விழா மூன்று மணிக்கு ஏன்? "ஒருத்தர் கூடக் கீழ இருக்கக்கூடாது" என்று மேசை மேசையாக வந்து சொன்னது ஏன்? பூங்கொத்தைக் கொடுத்த கையோடு, "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனவரை இன்னும் காணோமே, அது ஏன்?

காவலாளி அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கீழே மன்றக் கூடம் சாத்தியிருக்கிறது. பலகையில் எழுதியிருக்கும் காரணம், "பணியாளர் சொந்த விஷயம்: கூட்டச் செயலரின் ஓய்வு." உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களாம்! அதற்கு நில அளவையாளர் எதற்கு, காய்கறிச் சந்தையின் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்? "எங்க கடையெல்லாம் கைமாறப் போகுதாமே, நெசமா?" என்று சந்தைக்காரர்கள் ஒரு மாதமாக நம் ஜன்னலில் வந்து கேட்கிறார்கள். நூற்றிருபது குடும்பத்தின் பிழைப்பு அக்கா.

அறிவுச் சுடரே! புதிதாய்ச் சேர்ந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் நீங்கள் முதலில் சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு. எந்தப் பணியாளரைப் பற்றிப் பேசக் கதவைச் சாத்துகிறார்களோ, அவரே வந்து "திறந்து வச்சுப் பேசுங்க" என்று கேட்டால், திறந்தே ஆக வேண்டும். வேறெந்தக் காரணம் எழுதியிருந்தாலும் இன்று நம் கை கட்டப்பட்டிருக்கும். அவசரத்தில் மனிதர் உங்களையே எழுதித் தொலைத்தார்.

தலைவர் திருத்திக் கொடுத்த வாழ்த்து மடல் மேசைமேல் இருக்கிறது. இது பின்வரிசையில், மடியில் வைத்து இப்போது எழுதியது. எழுத்துக் கோணலைப் பொறுத்தருள்க. நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்னும் வாழ்த்தைப் படியிறங்கிக்கொண்டே சொல்கிறோம். சந்தைக்காரர்கள் நடைவழியில் வந்து நிற்கிறார்கள். மணி மூன்று நாற்பது. ஐந்து வரை நீங்கள்தான் கூட்டச் செயலர்.

எழுந்திருங்கள் அக்கா.

உங்கள் பின்னாலேயே வரும்,
அலுவலகப் பணியாளர் அனைவரும்