அளவாகப் படிக்கத் தெரியாத புலவர்

பிரெஞ்சு வெள்ளைக்காரன் கொடி இறங்கின மறு வருஷம், பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் குடையோடு ஒரு குருவிநத்தம் விவசாயி. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய கரையாம்புத்தூர்க்காரர்.

“மழை வரணும்னு எங்க ஏரிக்கரையில கதை படிச்ச புலவரு மேல கேஸ் போடணும்பா” என்றார் குடைக்காரர்.

“இன்னாத்துக்கு அண்ணே? மழைதான் வந்துச்சே!”

“வந்துச்சி. ஏரி உடைஞ்சி நெல்லு மொத்தமும் போச்சி. அளவா படிக்கத் தெரியாதவரு இன்னா புலவரு?”

“எந்த எடத்துல உடைஞ்சிது?”

“அவரு குந்திப் படிக்க மேடை போடணும்னு கரையில மண்ணு வெட்னோம். அங்கதான்.”

“அப்ப மண்ணு வெட்னதாலதான...”

“ஊரே சேந்து வெட்னதுப்பா! அது எப்பிடித் தப்பாவும்? அவருதான் கொரலக் கொறைச்சிருக்கணும்.”

தலைப்பாகைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் ஞாயந்தான்” என்றார்.

“இப்ப ஏரி காஞ்சி கெடக்குது. மெதுவா படிக்கிற ஆளாப் பாத்து இட்டாரத்தான் டவுனுக்குப் போறேன்.”

“மேடை இருக்குதா?”

“அதுவும் வெள்ளத்துல போச்சி. போனா இன்னா? மிச்சக் கரை அப்பிடியேதான இருக்குது!”