இண்டர்வெல்லுக்கு அப்பறம்

அட, நல்லா இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க, நான் வேணாங்கலியே தம்பி. உங்க கண்ணு, உங்க இஷ்டம். எனக்கு புடிக்கல, அவ்ளோதான். தர்மபுரி மாவட்டம்னு கொட்ட எழுத்துல போடறான். ஒகேனக்கல் தண்ணிய ஒரு தடவ காட்றான். சரி, நம்ம ஊரு பக்கம்னு நிமுந்து உக்காந்தா, வாயத் தொறந்ததும் அத்தன பேரும் ஏலே ஏலேங்கறான். நம்ம பக்கம் எவங்க ஏலேன்னு கூப்புடறான்? கூப்புட்டா ஒருத்தன் திரும்பிப் பாப்பானா? இந்த சினிமாக்காரனுங்களுக்கு மெட்ராஸத் தாண்டுனா எல்லாமே மதுரதான்.

அப்பறம் அந்த பொண்ணு. குச்சிக்கெழங்கு காட்டுல களை வெட்டுதாம். நானும் குச்சிக்கெழங்குதான் போட்ருக்கறன், கம்பைநல்லூர் தாண்டி. நெகத்துல பாலீசு போட்டுக்கிட்டு எந்த பொண்ணுங்க களை வெட்டுது? மூஞ்சியில ஒரு சொட்டு வேர்வ இல்ல. எங்க காட்டுல ஒரு பொழுது வந்து நிக்கட்டும் அந்த டைரக்டரு, மத்தியானத்துக்குள்ள மயக்கம் போட்டு வுழுந்துடுவான்.

டீய குடிங்க, ஆறிப்போவுது. மணி அடிக்க இன்னும் நேரம் கெடக்குது. இந்த தேட்டர்ல இண்டர்வெல்ல இழுப்பாங்க, அப்பதான பப்ஸு விக்கும்.

என்ன கேட்டீங்க? ஆமா, பாட்டு வரப்போவுதுன்னு முன்னாடியே சொன்னன்ல. இந்த மொத பாதி எனக்கு மனப்பாடம் தம்பி. முந்தாநேத்து வந்து பாத்தன், நேத்தும் வந்து பாத்தன். ரெண்டாவது பாதி பாக்கல. இண்டர்வெல் வுட்டதும் எழுந்து பஸ்ஸு ஏறிடுவன். சிரிக்காதீங்க. புடிக்காத படத்துக்கு எதுக்குய்யா தெனம் வரன்னு தான கேக்கறீங்க? சொல்றன், இருங்க.

எம் பையன் இதுல நடிச்சிருக்கறான்.

அய்யோ, ஹீரோவெல்லாம் இல்லீங்க. என் மூஞ்சியப் பாத்தா ஹீரோவப் பெத்த மூஞ்சியாட்டமா தெரியுது? ஃபைட்டரு. ஹீரோ அடிச்சா பறந்து போய் வுழறாங்கல்ல, அந்த கூட்டத்துல ஒருத்தன். மரிய ஆனந்துன்னு பேரு. ரெண்டாவது பாதியில, கட்டி முடிக்காத பில்டிங்குல ஒரு சண்ட இருக்குதாம். அதுல அவன் வரானா, இல்ல வெட்டி எடுத்துட்டாங்களான்னு எனக்கு தெரியணும். என்ன வுட அவங்கம்மாவுக்கு தெரியணும். ராஜமேரின்னு பேரு, வூட்ல வாசப்படியிலயே உக்காந்திருப்பா, நான் பஸ்ஸ வுட்டு எறங்கனதும் என் மூஞ்சியப் பாப்பா. நேத்தும் பாத்தா. இன்னிக்கும் பாக்காம வந்தன்னா, நாளைக்கி நானே போறன்னுட்டா.

அவளுக்கு இந்த தேட்டர் எந்தப் பக்கம்னு கூட தெரியாது. அதுவும் இப்ப தவக்காலம். நாங்க வேதக்காரங்கதான் தம்பி. தவக்காலத்துல எங்க வூட்ல கறி எடுக்க மாட்டம், டீவியக் கூட துணி போட்டு மூடி வெச்சிருவா. அவளே சொல்றா, நீ போய் பாத்துட்டு வா, பாவம் வந்தா என் மேல வரட்டும்னு.

நானும் சினிமாப் பைத்தியம் இல்லீங்க. ரெண்டு வருசமாத்தான் இந்தப் பக்கம் வரன். அவன் இருக்கற படம்னு தகவல் வந்தா வுட மாட்டன். அதனால எனக்கு கதையெல்லாம் சரியா தெரியாது. போன தீவாளிக்கு ஒரு படம் வந்துச்சு பாருங்க, துறைமுகம், கடத்தல்னு. ஊரே ஆகா ஓகோன்னுச்சு. என்னைய கேட்டா ஒண்ணுமில்ல. ஹீரோ நடந்து வராரு, நடந்து வராரு, பாதி படம் நடந்தே வராரு. எம் பையன் அதுல மூணு தடவ செத்தான். ஆமாங்க! செவப்பு சட்டையில ஒரு தடவ, தாடி ஒட்டிக்கிட்டு ஒரு தடவ, கடைசியில போலீசு யூனிபாரம். யாருக்கும் தெரியல, நான் மட்டும் கண்டுபுடிச்சன். நடை இருக்குதுல்ல, இடது தோள கொஞ்சம் தூக்கிட்டு நடப்பான். எங்கப்பன் அப்படித்தான் நடப்பாரு.

பேய் படம் ஒண்ணு பாத்தன். அது கொஞ்சம் பரவால்ல, சிரிச்சன். ஆனா அதுல அவன கெணத்துக்குள்ள தள்ளிட்டு அதோட மறந்தே போய்ட்டாங்க. எனக்கு படம் முழுக்க அந்த கெணத்து மேலயே நெனப்பு. பேயி வருது, ஜனம் கத்துது, நான் கெணத்தப் பாக்கறன். அப்பறம் அந்த குடும்பப் படம். பக்கத்துல ஒரு அம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுவுது. எனக்கு கோவமா வந்துச்சு தம்பி. பெத்த புள்ள செத்துக் கெடக்கறான், அவங்கம்மா நின்னுக்கிட்டு ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுது. எந்த வூட்லங்க அப்படி பேசறாங்க? வாயி வராதுங்க. தண்ணி குடுத்தா கூட உள்ள எறங்காது. எழுதுனவன் எழவு வூட்டு பக்கமே போவாதவன்.

எப்படி ஃபைட்டர் ஆனான்னா, அது ஒரு கூத்து. எங்க ஊர்ல ஈஸ்டருக்கு பாஸ்கா நாடகம் போடுவம். ஏசு பாடுபட்டு, சிலுவையில அறஞ்சு, உயிர்த்தெழறது வரைக்கும். கல்லறைக்கு காவல் நிக்கற சிப்பாய்ங்க, அவரு எழுந்து வரப்ப மல்லாந்து வுழணும். மத்த பசங்க திரும்பித் திரும்பிப் பாத்து, சாக்கு எங்க கெடக்குதுன்னு தேடி வுழுவானுங்க. சனம் சிரிக்கும். இவன் திரும்பவே மாட்டான். நின்னவன் நின்ன வாக்குல சாய்வான். வுழுந்தான்னா அதோட சரி, மூச்சு வாங்கறது தெரியாது. நாடகம் முடிஞ்சு, சாமியாரு ஆசீர்வாதம் குடுத்து, சனம் பாய சுருட்டறப்பவும் அப்படியே கெடப்பான். ராஜமேரி பதறிப் போய் மேடைக்கு ஏறி உலுக்குவா. கண்ணத் தொறந்து சிரிப்பான் படுபாவி. நல்லா வாங்குவான் அவகிட்ட, முதுவுல.

அரூர் பக்கம் நவநீதன்னு ஒரு பையன், அப்பவே மெட்ராஸ்ல சண்ட படத்துல இருந்தவன். இவனுக்கு கூட்டாளி. ஒரு வருசம் பாஸ்கா பாக்க வந்தான். டேய், இந்த மாதிரி எங்க மாஸ்டருகிட்ட வுழுடா, தூக்கி வெச்சுப்பாருன்னான். கூட்டிட்டுப் போய்ட்டான். நான் ஒண்ணும் தடுக்கல. கெழங்கு காட்ல என்ன இருக்குது, போவட்டுமேன்னு வுட்டன். அவனுக்கும் அங்க நல்ல பேரு. கேமரா நின்னு, சாட்டு ஓகேன்னு மாஸ்டரு சொல்ற வரைக்கும் வுழுந்தவன் அசையக் கூடாதாம். ஒருத்தன் அசைஞ்சாலும் மொத்தமா திருப்பி எடுக்கணும், ஹீரோவுக்கு கோவம் வந்துடும். மத்தவனுங்களுக்கு கொசு கடிக்கும், அரிக்கும். நம்மாளு கெடந்தா கெடந்ததுதான். அவனைத்தான் கேமராவுக்கு முன்னாடி போடுவாங்களாம். வூட்டுக்கு வந்தா அதைச் சொல்லித்தான் பெருமையடிப்பான். அப்பா, என் மேல எறும்பு ஏறுச்சுப்பா, நான் அசையவே இல்லியேம்பான்.

இந்த படமா? இதுல மாடியிலருந்து வுழறான். பச்ச கட்டம் போட்ட சட்ட. ஹீரோ ஒதச்சதும் சுவத்துக்கு அந்தாண்ட போவணும். கீழ அட்டப்பெட்டி அடுக்கி, மேல மெத்த போட்டிருப்பாங்க. மொத தடவ எடுத்தது சரியா வரலன்னு ரெண்டாவது தடவ வுழச் சொல்லியிருக்கறாங்க. அந்த சாட்ட படத்துல வெக்க மாட்டம்னு கம்பெனிக்காரரு எங்க வூட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. நானும் நம்பிட்டன். ஆனா போன வெள்ளிக்கெழம மொத நாளே படம் பாத்துட்டு வந்து எங்க ஊரு காளியப்பன் டீக்கடையில சொல்றான், மாடியிலருந்து பச்ச சட்டக்காரன் ஒருத்தன் வுழறான் பாருங்கடா, நெசமாவே வுழுந்த மாதிரி, தேட்டரே விசில் அடிச்சுதுன்னு. அவன் யாருன்னு காளியப்பனுக்கு தெரியல. சண்டையில மூஞ்சி எங்க தெரியுது? நான் கிளாஸ வெச்சுட்டு எழுந்து வந்துட்டன். அதுக்குள்ள எவளோ ராஜமேரி காதுல போட்டுட்டா.

ஏந்தம்பி, அப்படி பாக்கறீங்க?

ஆமா. அதுலதான். ரெண்டாவது தடவ வுழறப்ப அடியில இருந்த பெட்டி ஒரு பக்கமா நவுந்துட்டிருக்குது. யாரும் கவனிக்கல. மாஸ்டரு ஓகே சொல்லிட்டாராம், எல்லாரும் கை தட்டுனாங்களாம். அடுத்த சாட்டுக்கு லைட்ட திருப்பறாங்க, ஹீரோ கேரவனுக்கு போய்ட்டாரு, இவன் அப்படியே கெடக்கறான். எழுந்திருக்கலன்னு ஒருத்தனுக்கும் தோணல. அவந்தான் அப்படி கெடக்கறவனாச்சே. ஒருத்தன் பக்கத்துல போய், ஆனந்து, போதும்டா நடிப்புன்னு சிரிச்சிட்டு வேற போனானாம். நவநீதன்தான் டீ கொண்டாந்து குடுக்கறதுக்கு தொட்டிருக்கறான்.

போன வருசத்துக்கு முன்ன வருசம். நான் இவ்ளோ நேரம் சொன்ன படமெல்லாம் அதுக்கப்பறம் வந்ததுதான் தம்பி. அவன் இருக்கறப்ப எடுத்து வெச்சது, ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. மண்ணு போட்டுட்டு வந்துட்டம், அவன் பாட்டுக்கு ஒவ்வொரு படத்துலயா வந்துட்டு இருந்தான். எனக்கு அது ஒரு ஆறுதலாத்தான் இருந்துச்சு. பொய் எதுக்கு சொல்லணும், படம் நல்லா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. இதான் கடைசி. இதுக்கு மேல அவன் படம் இல்ல.

பரவால்ல, வுடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. டீய கீழ வெக்காதீங்க, குடிங்க.

டாக்டருங்க, வுழுந்த ஒடனே உசுரு போய்ட்டிருக்கும், அவனுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க. நான் அதப் புடிச்சுக்கிட்டன். அவ புடிச்சுக்கல. அவ்ளோ நேரம் கெடந்தானே, அம்மான்னு ஒரு வார்த்த சொல்லலியா, கை கூடவா அசைக்கலன்னு கேட்டுட்டே இருக்கா. சோறு போடறப்ப கேக்கறா, செபமால சொல்லிட்டு இருக்கறப்ப பாதியில நிறுத்திட்டு கேக்கறா. உசுரு இருந்து, அசைஞ்சா சாட்டு கெட்டுப் போவும், ஹீரோ திட்டுவாருன்னு வலிய அடக்கிட்டு கெடந்திருப்பானோங்கறா. நான் அங்க இருந்தனா? இருந்தவனெல்லாம் கை தட்டிட்டு இருந்தான். கேமரா மட்டுந்தான் பாத்துது.

தெனமும் பாத்துட்டே போயிடலாம்னுதான் வரன். இண்டர்வெல் வுட்டதும் காலு தானா வெளிய போவுது. இன்னிக்கி நீங்க பக்கத்துல வந்து உக்காந்தீங்க, நல்ல மனுசனா தெரிஞ்சீங்க. அதான் இவ்ளோ நேரம் கண்டதையும் பேசிட்டு இருந்தன். கோச்சுக்காதீங்க.

ஒரு ஒத்தாச பண்ணுங்க தம்பி. அந்த சண்ட வரப்ப நான் கண்ண மூடிக்கறன். நீங்க பாருங்க. பச்ச கட்டம் சட்ட. வுழறப்ப பாக்க வேணாம், வுழுந்தப்பறம் பாருங்க. ஹீரோவ காட்டுவான், பாட்டு போடுவான், நீங்க அதயெல்லாம் பாக்காதீங்க, கீழ கெடக்கறவனையே பாருங்க. கை அசையுதா, வெரலாச்சும் அசையுதான்னு பாத்து சொல்லுங்க.

அசைஞ்சா அசைஞ்சுதுன்னே சொல்லிடுங்க. பாவம் கெழவன்னு நெனச்சு எங்கிட்ட பொய் சொல்லிடாதீங்க. ராஜமேரிகிட்ட பொய் சொல்றதுக்கு நான் இருக்கறன்.

மணி அடிச்சுட்டான். வாங்க, உள்ள போலாம்.