தானே கை தூக்கச் சொன்ன மரியசூசை சார்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அருள்தந்தை மரிய ஜெரால்டு அவர்களே! முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும், மரியசூசை சாரின் துணைவியார் திருமதி சந்தனமேரி அம்மா அவர்களே! காரைக்குடியிலிருந்தும் நாச்சியாபுரத்திலிருந்தும் வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! உடன் பணியாற்றும் ஆசிரியர்களே! மாணவச் செல்வங்களே! கலங்கிய நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் கணக்கு வாத்தியார் தண்டாயுதபாணி. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். துக்கம் பாதி, பயம் பாதி. அந்தப் பயத்தையும் இன்று உங்களிடம் சொல்லத்தான் போகிறேன்.

போன வியாழக்கிழமை காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, நம் உடற்கல்வி ஆசிரியர் திரு. மரியசூசை அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே போய்விட்டார். ஐம்பத்திரண்டு வயது! போகிற வயதா அது? எழுபத்தேழில் இந்தப் பள்ளிக்கு வந்தவர். பத்தொன்பது ஆண்டுகள் ஓய்வறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர். 'விசில் வாத்தியார்' என்றுதான் நாங்கள் அவரைக் கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார்.

ஆனால் அந்த விசில் வாத்தியார் விசில் ஊதாத இடம் ஒன்று உண்டு. இங்கே இருக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கபடியில் பாடி வருகிறவன் தொட்டுவிட்டால், தொடப்பட்டவன் தானே கை தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். யாரும் பார்த்தார்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. மரியசூசை சார் பார்த்திருந்தாலும் ஊதமாட்டார். காத்திருப்பார். ஆட்டம் நின்றுபோகும். வெயில் ஏறும். கை மேலே போகும் வரைக்கும் காத்திருப்பார்! நம் தப்பை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் சாமியார் சொல்லிக்கொடுத்ததை இவர் வியர்வையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார் என்று நான் இன்றைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

சென்ற ஆண்டு மண்டல இறுதிப் போட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி நிமிடம், இரு பக்கமும் சமமான புள்ளி. எதிரணிப் பையன் பாடி வந்தான், ஒருவரையும் தொடாதது போலத் திரும்பி ஓடினான். நடுவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நம் செல்வின் மட்டும் கை தூக்கினான். அவன் கெண்டைக்காலில் விரல் நுனி பட்டிருக்கிறது! ஒரே புள்ளியில் தோற்றோம். கூட்டம் கூச்சல் போட்டது. "முட்டாப் பயலே!" என்று ஒரு குரல் கேட்டதே, அது யார் குரல்? என் குரல்தான்.

திரும்பி வரும் வழியில் நாச்சியாபுரத்தில் பஸ் நின்றபோது, மரியசூசை சார் இறங்கி டீ வாங்கி முதல் கிளாஸைச் செல்வினிடம் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சார், கப்பைக் கோட்டை விட்டுட்டு வந்தவனுக்கு டீ வாங்கிக் குடுக்குறீக?" என்று கேட்டேன்.

"கப்பு அடுத்த வருசம் வரும் சார். இன்னைக்கு இவன் கையைக் கீழயே வச்சிருந்தா, நாளைக்கு எதுக்குமே தூக்க மாட்டான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரிய ஒரு மாதம் ஆயிற்று. காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று ஆரோக்கிய ஷீலா எழுந்து கை தூக்கினாள். "சார், கூட்டல் தப்பு. எனக்கு நாப்பத்திமூணு போட்டிருக்கீக. முப்பத்திமூணுதான் வருது." முப்பத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி! தன்னைத் தானே தோற்கடித்துக்கொள்கிற பிள்ளையை நான் என் சர்வீஸில் அதற்குமுன் கண்டதில்லை. "யாரும்மா இதைச் சொல்லச் சொன்னது?" என்றேன். "யாரும் சொல்லலை சார். பட்டா கை தூக்கணும்ல?" என்றாள். கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளையின் தாளை வாங்கி, கணக்கு வாத்தியார் நான் என் கூட்டலைத் திருத்தினேன்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்தாம் வகுப்பின் இரண்டு விளையாட்டுப் பீரியடையும் கணக்குக்குத் தர வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு கடிதம் எழுதினேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்ற கவலை. ஆசிரியர்கள் பலரும் கையெழுத்துப் போட்டார்கள். புதன்கிழமை மாலை அது ஓய்வறை மேசையில் கிடந்தபோது மரியசூசை சார் எடுத்துப் படித்தார். கோபப்படவில்லை. "எடுத்துக்கங்க சார். ஆனா அவுக அவுக தப்பை அவுகளே சொல்றதுக்கு ஒரு பீரியடு எங்குட்டாவது வச்சுக் குடுங்க" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் எழுந்து போனேன். மறுநாள் காலையில் அவர் இல்லை.

அந்தத் தாள்தான் அவரைக் கொன்றதா? இந்த எட்டு நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சந்தனமேரி அம்மாவிடமே கேட்டுவிட்டேன், புதன்கிழமை இரவு வீட்டில் ஏதாவது வருத்தப்பட்டாரா என்று. அந்த நிலையிலும் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "உங்க பேச்சுத்தான் பேசினாக. கணக்கு சாரை ஒரு நாளாச்சும் மைதானத்துக்கு இழுத்துட்டு வரணும்னு சிரிச்சாக." அம்மா, அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் நின்றபோது செல்வின் வந்தான். "சார், அடுத்த வாரம் சனிக்கிழமை மேட்ச். பி.டி. சாரும் இல்லை. பட்டா கை தூக்கணுமா, வேணாமா?" என்றான். "அப்புறம் பேசலாம்டா" என்று தட்டிக் கழித்தேன். மூன்று முறை வந்துவிட்டான், மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். தூக்கு என்று சொன்னால் தோற்போமோ என்று பயம். தூக்காதே என்று சொன்னால் மரியசூசை சாரை இரண்டாவது முறை அடக்கம் செய்தவனாவேனோ என்று அதைவிடப் பயம். ஒரு வாரத்திலேயே கேள்வி வந்துவிட்டதே! ஒரு வருடத்தில் என்ன மிஞ்சும்?

அருள்தந்தை அவர்களே! நாளை ஆசிரியர் கூட்டத்தில் அந்தக் கடிதம் உங்கள் முன் வருகிறது. முதல் கையெழுத்து என்னுடையது. அதை இந்தச் சபையறியத் திரும்பப் பெறுகிறேன். புதிய உடற்கல்வி ஆசிரியர் வரும் வரை அந்த இரண்டு பீரியடையும் என்னிடம் கொடுங்கள். மைதானத்திலேயே நடத்துகிறேன். எனக்குக் கபடி தெரியாது. ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் காத்திருக்க முடியும். அந்த ஒன்றையாவது அவரைப் போலச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

செல்வின், எங்கே இருக்கிறாய்? எழுந்திரு. பட்டால் தூக்கப்பா. தூக்கித்தான் ஆக வேண்டும்.

பெற்றோர்களே! உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை இந்தப் பிள்ளைகள் தோற்றுத் திரும்பினாலும் திரும்பலாம். வாசலில் நிறுத்தி, "ஏன்டா கை தூக்கினே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இத்தனை வருடமும் அதற்குப் பதில் சொல்ல மரியசூசை இருந்தார். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாகச் சொல்லத் தைரியமில்லை.