ஆரஞ்சு மூடியும் பதினோரு நிமிடமும்

நான் அன்றைக்கே சொன்னேன்! இந்த மேடை அமையும் என்று சொன்னேன், இந்த மைக் கரகரக்கும் என்று சொன்னேன், ஜனெலின் பால் பண்ணை பிழைக்கும் என்றும் சொன்னேன். கேட்டீர்களா? கேட்கவில்லை. இப்போது கேளுங்கள்.

வறுத்த மீனை இன்னும் விழுங்கி முடிக்காத அவைத்தலைவர் ஹில்டகார்ட் அம்மையார் அவர்களே! நான் எழுந்ததுமே காதுக் கருவியை அணைத்துவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே! ஆளுக்கொரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்து, யாருடையது முதலில் தீர்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பீர் பீப்பாயைத் தீ விபத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கும் தீயணைப்புப் படைத் தம்பிகளே! விஸ்கான்சினின் இந்தச் சிற்றூரில் பசு வளர்ப்போரே, வளர்த்துக் களைத்தோரே! அனைவருக்கும் இந்த டெல்மர் க்ரூகரின் வணக்கம்!

இந்த ஆண்டின் நல்ல அண்டைவீட்டார் என்று பெயர் பொறித்து எனக்கொரு மரப்பலகை தந்திருக்கிறீர்கள். தகுதி பார்த்துத்தான் தந்தீர்களா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆம் என்றே பதில் வந்தது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்று படித்தவன். ஆனால் எஞ்சின் என்று வந்துவிட்டால்? அதன் இருமலைக் கேட்டே அதன் குலம் கோத்திரம் சொல்வேன்! என்னிடம் இருக்கும் பிரஷர் வாஷர் சாதாரணப்பட்டதா? அதன் தண்ணீர் பட்டால் சுவரில் பாசி போகும், பலகையில் பெயின்ட் போகும், பக்கத்தில் நிற்பவன் முகத்து மச்சமும் போகும்! அதன் டேங்க் மூடிக்கு நானே மூன்று பூச்சு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்திருக்கிறேன். மான் வேட்டைக் காலத்தில், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாதபடி நாய்க்கும் பசுவுக்கும் ஆரஞ்சுத் துணி கட்டுகிற ஊரில், என் எந்திரம் மட்டும் குண்டடி பட்டுச் சாக வேண்டுமா?

என்ன சிரிப்பு பின்னால்? சாலட்டைப் பார்த்துச் சிரியுங்கள்.

கதைக்கு வருகிறேன். என் தங்கை மகள் ஜனெல், நாற்பத்தாறு பசுக்களைத் தனியாளாய்க் கறக்கிறவள். பால் அறைச் சுவரில் பூஞ்சை என்று ஆய்வாளர் அம்மா ஒருமுறை எழுதிவிட்டுப் போனார். வியாழக்கிழமை பத்து மணிக்கு மறுபடி வருவார். அப்போதும் பூஞ்சை இருந்தால் உரிமத்தை நிறுத்திவிடுவார். பால் வண்டி அவள் வாசலில் நிற்காது. வண்டி நிற்காவிட்டால் மடி நிற்குமா? பசுவிடம் போய், அம்மா தாயே, மறு உத்தரவு வரும்வரை சுரக்காதே என்று சொல்ல முடியுமா? அன்றன்று கறந்த பாலை அன்றன்றே சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான்!

வியாழன் காலை ஏழு மணி. எந்திரத்தைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினேன், புகை அறைக்குள் போனால் ஆளைக் கொன்றுவிடும் என்பதால். டேங்க் நிறையப் பெட்ரோல். குழாய் மட்டும் சன்னல் வழியாக உள்ளே, ஜனெலின் கையில். கயிற்றை ஒரே இழுப்பு! உறுமியது பாருங்கள், பக்கத்து மாவட்டத்துக் கோழியெல்லாம் முட்டை போட்டுவிட்டது! பூஞ்சை பறந்தது, பாசி பறந்தது. சரியாகப் பதினோரு நிமிடம். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி, உயிரை விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெட்ரோல் கேனோடு வந்தான் என் ஆருயிர் நண்பன் ஆர்விட். "என்னடா டெல்மர், உன் மிஷின் உன்னைவிடப் பெரிய குடிகாரனா இருக்கும் போலயே? அதுக்குள்ள தாகமா?"

"ஊத்துடா, பேசாம."

"சூடா இருக்கு மாமா! இப்ப ஊத்தினா உங்க மீசையோட சேர்ந்து பண்ணையும் எரியும். ஆறட்டும்!" என்று உள்ளிருந்து கத்தினாள் ஜனெல். ஆறும்வரை காத்திருந்தோம். ஆர்விட் மூடியைத் திறந்தான், மூன்று டம்ளர் ஊற்றினான், மூடினான். கயிற்றை இழுத்தேன். உறுமியது! பதினோரு நிமிடம். விக்கல். மரணம். ஆற வைத்தோம், ஊற்றினோம், இழுத்தோம். மறுபடி பதினோரு நிமிடம்! மறுபடி மரணம்! ஒரே காலையில் ஐந்து முறை செத்து ஐந்து முறை பிழைத்த எந்திரத்தை உலகம் கண்டதுண்டா?

மணி ஒன்பது இருபது. பாதிச் சுவர் இன்னும் பச்சை. எனக்கு வந்தது கோபம். "ஆர்விட், உன் பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. போன வருஷத்துப் பழசத்தானே கொண்டாந்து தள்ளின?"

"முப்பது வருஷமா ஒரே படகுல உக்காந்து மீன் பிடிக்கிறோம். என்னப் பாத்தாடா அப்படிச் சொல்ற?" கேனைப் புல்லில் வைத்தான். வீசவில்லை, வைத்தான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

ஜனெல் வெளியே வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. "மாமா, அவரை ஏன் திட்டுறீங்க? டேங்க்கப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் மூணு டம்ளர்தான் எடுக்குது. மீதி எல்லாம் உள்ளயே கிடக்கு. ரொம்பிக் கிடக்குற டேங்க்கு பெட்ரோல் இல்லாம சாகுமா?"

நீ சொல்வதுதான் சரி என்றேன். என் வாழ்நாளில் அது முதல்முறை. தேதியைக் குறித்துவைத்திருக்கிறேன்.

எஞ்சின் ஆறியதும் அவள் மூடியைத் திருகினாள். புஸ்ஸ்! காற்று உள்ளே பாய்கிற சத்தம். "கேட்டீங்களா? மூச்சடைச்சுக் கிடந்திருக்கு. பெட்ரோல் கீழ இறங்க இறங்க மேல காத்து வரணும். வரலேன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்? நாம ஊத்தினதால ஓடல மாமா, மூடியத் திறந்ததால ஓடுச்சு."

ஓடினாள். பசுவுக்கு ஊசி போடும் ஊசியோடு வந்தாள். மூடியின் நடுவே இருக்கும் சின்னக் காற்றுத்துளையில் ஒரு குத்து! துளையை அடைத்துக் கூடு கட்டியிருந்தது ஒரு மண்குளவி! கட்டைவிரல் தடிமன், கழுகு போல இறக்கை, என்னை முறைத்தது பாருங்கள் ஒரு முறைப்பு!

மூடியை மாட்டினோம், இழுத்தோம். பதினொன்று, பன்னிரண்டு, இருபது! நிற்கவே இல்லை! பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடைசிப் பூஞ்சை கரைந்தது. ஆய்வாளர் அம்மா வந்தார், டார்ச் அடித்தார், மூலை மூலையாய்ப் பார்த்தார். "இந்தச் சுவத்துல தலை வாரிக்கலாம் போலயே" என்றார். கையெழுத்துப் போட்டார். பதினொன்றரைக்குப் பால் வண்டி வந்து நின்றது. ஜனெல் வண்டிச் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தாள், பசுவைத் தட்டுவது போல.

ஆகவே என் அன்பான ஊர்மக்களே! எஞ்சின் நின்றால் ஊற்றுகிறோமே, பார்க்கிறோமா? குடிக்கிறது குடிக்கிறது என்று பழிக்கிறோமே, அது மூச்சுவிடுகிறதா என்று கேட்டோமா? குறை பெட்ரோலில் இல்லை! குறை கேனில் இல்லை! குறை கேன் கொண்டுவந்தவனிடம் இல்லவே இல்லை!

யாரது, கடைசி மேசையில்? ஆர்விட்டா? "குளவி எந்தப் பக்கம்டா பறந்துச்சு?" என்று கேட்கிறான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசும் முதல் வார்த்தை இது. ஜனெல், நீ ஏன் கைப்பையைத் திறக்கிறாய்? அந்த மூடியை எல்லோருக்கும் காட்ட வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

தலைவர் அவர்களுக்கும், சமைத்த கைகளுக்கும், தூங்காமல் கேட்ட நான்கு பேருக்கும் நன்றி. பலகையை ஆர்விட்டின் மேசைக்கு அனுப்பிவிடுங்கள். படகில் என் இடம் காலியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். எல்லோருக்கும் வணக்கம், வீடு போய்ச் சேருங்கள்.

குளவி என்று ஒன்று வரவே இல்லை. ஊசி முனையில் வந்தது ஆரஞ்சுப் பெயின்ட். மூன்று பூச்சு.